கேரவனை இழுக்க எத்தனை குதிரை?

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் தர்ஸ்க் என்ற சிறு நகரிலிருந்து கிழக்கே, ஸ்கார்பரோ கடற்கரையை நோக்கி ஏ170 சாலை போகிறது. வழியில் அது சட்டன் பேங்க் என்ற மலைச்சரிவில் ஏறியாக வேண்டும். அங்கே மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றம் நாலுக்கு ஒன்று. அதாவது நான்கு மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் உயரம், சாலைப் பலகையின் கணக்கில் 25 சதவீதம். மேலே போய்விட்டால் தெரியும் சமவெளிக் காட்சிக்காகவே அங்கு வருகிறவர்கள் உண்டு. ஆனால் கேரவனை இழுத்துக்கொண்டு வருபவர்கள் அந்த வழியில் ஏற முடியாது. லாரிகளுக்கு அனுமதி உண்டு, கேரவனுக்குக் கிடையாது. முன்னால் இருக்கும் கார் எவ்வளவு வலுவானது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேரவன் நம் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டி அல்ல. இதற்கு எஞ்சின் இல்லை. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, சக்கரத்தின் மேல் கட்டிய சிறு வீடு. முன்னால் நீண்டிருக்கும் இரும்புச் சட்டத்தின் நுனியைக் காரின் பின்புறமுள்ள 50 மில்லிமீட்டர் எஃகு உருண்டையில் மாட்டிவிட்டால் கிளம்பலாம். கோடை விடுமுறையில் பிரிட்டனின் நெடுஞ்சாலைகளில் இவற்றின் வரிசையைப் பார்க்கலாம். 2021 டிசம்பர் 16 முதல் அங்கே சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர்களே, தனித்தேர்வு எதுவும் எழுதாமல், 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். அதனால் முதன்முறையாக இழுக்கப் போகிறவர்கள் கார் தேடும்போது, "150 குதிரைத்திறன் போதுமா?" என்ற கேள்வி முன்னைவிட அதிகமாக எழுகிறது. அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால் விளம்பரத் தாளில் உள்ள அந்த ஒற்றை எண்ணைத் தாண்டிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மையான குதிரைகளிடமிருந்தே தொடங்குவோம். 1885இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரானவர், பிரிஸ்டல் நகரப் பட்டறை ஒன்றில் 'வாண்டரர்' என்ற வண்டி வீட்டைச் செய்யச் சொன்னார். பொழுதுபோக்குக்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன் அதுதான் என்பார்கள். எடை ஏறத்தாழ இரண்டு டன். அதை இரண்டே குதிரைகள் இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை இழுத்துப் போயின. இன்றைய கேரவன் பலவற்றின் எடை அதைவிடக் குறைவு. அப்படியிருக்க, இரண்டு குதிரை செய்த வேலைக்கு இப்போது ஏன் நூறுக்கு மேல் வேண்டியிருக்கிறது?

வேகம்தான் காரணம். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறனைத்தான் ஒரு குதிரைத்திறன் என்கிறோம். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்பதற்காக வகுத்த அளவின் மெட்ரிக் வடிவம் இது. இழுக்கும் விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். ஸ்டேபிள்ஸின் வண்டி நடைவேகத்தில் போனது, அதனால் பெருக்கல் தொகை சின்னது. ஏற்றம் வந்தால் குதிரை மூச்சைப் பிடித்துக்கொண்டு சில நொடிகளுக்குத் தன் பெயரில் உள்ள அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல் திறனைக் கொடுக்கும், பிறகு நின்று இளைப்பாறும். மணிக்கு 96 கிலோமீட்டரில் ஓடும் காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஓர் இணையை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து 1,650 கிலோ எடையுள்ள குடும்பக் கார், பின்னால் 1,350 கிலோ கேரவன், மொத்தம் மூன்று டன். பிரிட்டனில் கேரவன் இழுக்கும் காருக்கு மோட்டார்வேயில் உச்ச வேகம் மணிக்கு 60 மைல், நம் கணக்கில் 96 கிலோமீட்டர். கேரவன் இல்லாமல் சமதரையில் அந்த வேகத்தைத் தக்கவைக்க, காருக்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 18 குதிரைத்திறன் போதும். கேரவனை மாட்டியதும் அது 50 அளவுக்குத் தாவிவிடுகிறது. எடை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தேவையோ மூன்று மடங்கை நெருங்குகிறது. மிச்சம் போனது காற்றுக்கு. காரின் கூரையைத் தாண்டி ஒரு மீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கும் அந்தத் தட்டையான முகம் காற்றைக் கிழிப்பதில்லை, நெஞ்சைக் கொடுத்துத் தள்ளுகிறது. காற்றுத்தடைக்குப் போகும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 60 மைலிலிருந்து 50 மைலுக்கு இறங்கினால் காற்றுக்குப் போகும் பங்கு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்துவிடும். 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தாலோ மொத்தத் தேவை 50லிருந்து 75க்கு ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேட்டில் ஏறுவது போலத்தான் அது.

இனி கண்ணுக்குத் தெரியும் மேடு. மோட்டார்வே ஏற்றங்கள் பெரும்பாலும் மென்மையானவை. நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் உயர்வதைக் காரில் இருப்பவர் கவனிக்கக்கூட மாட்டார். ஆனால் மூன்று டன்னைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது தேவை 80 குதிரைத்திறனாகிறது. கியர்பெட்டியிலும் அச்சிலும் வீணாவதையும் சேர்த்தால் எஞ்சின் 90 கொடுக்க வேண்டும். 12 சதவீத மலைச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஏற, எஞ்சினிடம் 105 வரை கேட்க நேரும். ஆக 150 குதிரைத்திறன் உள்ள எஞ்சினிடம் கையிருப்பு இருக்கிறது. 100 உள்ளதிடம் இல்லை, மலை வந்தால் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். இதுவரைக்கும் கேள்வியும் விடையும் நேரானவைதான்.

150 என்று எழுதியிருந்தால் எப்போதும் 150 கிடைக்கும் என்று நினைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் பஸாட்டின் முந்தைய தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்று, 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று, இரண்டுமே 150 குதிரைத்திறன். ஆனால் எஞ்சின் அச்சைச் சுழற்றும் முறுக்குவிசை டீசலில் 340 நியூட்டன் மீட்டர், பெட்ரோலில் 250. நெடுஞ்சாலையில் மேல் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்கிறது என்று வையுங்கள். அந்தச் சுழற்சியில், மிதியை முழுக்க அழுத்தினாலும், டீசலிடமிருந்து கிடைப்பது 97 குதிரைத்திறன், பெட்ரோலிடமிருந்து 71. நமக்குத் தேவைப்பட்ட 90ஐ நினைவில் வைத்துப் பாருங்கள். அந்த மூன்று சதவீத ஏற்றத்தை டீசல் அதே கியரில் சத்தம் காட்டாமல் ஏறிவிடும். பெட்ரோலோ மூச்சு வாங்கும், வேகம் விழும், ஓட்டுநர் கியரைக் குறைத்து எஞ்சினை 2,800 சுழற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே போய்விட்டால் அதுவும் 100 குதிரைத்திறன் கொடுக்கும், ஏறிவிடும்.

சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையை வைத்துப் பாலத்தில் ஏறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். தொடை வலுவுள்ளவர் மெல்ல மிதித்தே ஏறிவிடுவார். மற்றவர் பல்சக்கரத்தை மாற்றி, கால்களைப் பட்பட்டென்று சுழற்றி ஏறுவார். உச்சியை அடையும் நேரம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம், பாடு ஒன்றல்ல. கேரவன் இழுப்பவர்கள் நீண்ட காலமாக டீசலை விரும்பியது இதனால்தான். பெட்ரோல் கார் இழுக்காது என்பது தவறு. ஓட்டுநர் கியரை மாற்றத் தயங்காமலிருந்து, எஞ்சின் உரக்கக் கத்துவதைக் கண்டு அஞ்சாமலிருந்தால் அதுவும் நன்றாகவே இழுக்கும். ஆனால் எரிபொருள் செலவு கூடும், ஒவ்வொரு மேட்டிலும் வேலை இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள கடற்கரைக்குப் போகிறவருக்கு இது பொருட்டே இல்லை. பிரான்ஸைத் தாண்டி ஸ்பெயின் வரை போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

எஞ்சினுக்கு உண்மையான சோதனை வேகத்தில் வருவதில்லை, நின்று கிளம்பும்போது வருகிறது. மேட்டுச் சாலையில் முன்னால் ஒரு டிராக்டர் நிற்கிறது, நீங்களும் நிற்கிறீர்கள், மறுபடி கிளம்ப வேண்டும். ஐரோப்பாவில் கார் நிறுவனங்கள் இழுப்பு வரம்பை நிர்ணயிக்கும்போது இதையே அளவுகோலாகக் கொள்கின்றன. 12 சதவீத ஏற்றத்தில், முழுச் சுமையோடு, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்பிக் காட்ட வேண்டும். நம் மூன்று டன் இணை அந்த மேட்டில் மெல்ல மேலே உருளவே, 390 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுப்பு தேவை. முதல் கியரின் பெருக்கத்தைக் கணக்கில் கொண்டால் எஞ்சின் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுக்க வேண்டும், வேகம் எடுக்க வேண்டுமானால் அதற்கும் கூடுதலாக. பஸாட்டின் பெட்ரோல் எஞ்சினிடம் 250 இருக்கிறதே என்று தோன்றும். அந்த 250 டர்போ முழுமூச்சில் சுழன்ற பிறகு வருவது. கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் ஆயிரத்துச் சொச்சம் சுழற்சியில் சிறிய எஞ்சின் கொடுப்பது அதைவிட மிகக் குறைவு. ஆகவே ஓட்டுநர் மிதியை அழுத்திச் சுழற்சியை ஏற்றி, கிளட்சை வழுக்கவிட்டே கிளம்புவார். வழுக்கும் நேரமெல்லாம் எஞ்சினின் உழைப்பில் பெரும்பங்கு வெப்பமாகி கிளட்ச் தட்டில் இறங்கும். எரிந்த நாற்றம் உள்ளே வந்தால், அது உராய்வுப் பொருள் கருகும் நாற்றம். டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் கார்கள் இந்த இடத்தில் வெகு சுகமானவை. திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் அந்தக் கருவி, கிளம்பும் நொடியில் முறுக்குவிசையை இரண்டு மடங்குக்கு நெருக்கமாகப் பெருக்கித் தருகிறது. கேரவன் இழுப்பதற்கென்றே கார் வாங்குகிறவரிடம் நான் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

சட்டன் பேங்க்கில் இதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? 25 சதவீத ஏற்றத்தில் மூன்று டன்னை மெல்ல மேலே உருட்டவே 760 கிலோ அளவு இழுப்பு வேண்டும். நல்ல எஞ்சினும் முதல் கியரும் அதைக் கொடுத்துவிடலாம். டயர் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான குடும்பக் கார்களில் முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. சமதரையில் அவற்றின்மேல் 900 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும். கேரவனின் மூக்கு காரின் பின்பகுதியை அழுத்துவதால் முன்பகுதி சற்றே தூக்கிக்கொள்ளும். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும், கேரவனின் இழுப்பும் சேர்ந்து முன்பகுதியை இன்னும் இலகுவாக்கும். கடைசியில் முன்சக்கரங்களின் மேல் மிஞ்சுவது ஏறத்தாழ 760 கிலோ. தேவையான இழுப்பும் அதே அளவு! உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு பொதுவாகத் தன்மேல் உள்ள சுமையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், மழை பெய்துவிட்டால் இன்னும் குறையும். ஆக நின்றுவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், கார் நகராது. 300 குதிரைத்திறன் இருந்தாலும் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், அவ்வளவுதான். நான்கு சக்கர இழுவை உள்ள கார்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. மலைச்சாலையைவிட, ஈரப் புல்வெளியில் அமைந்த முகாம்களிலிருந்து வெளியேறும்போது அதன் அருமை புரியும்.

இப்போது எடைக்கு வருவோம். எஞ்சினைவிட எனக்கு இதில்தான் அக்கறை, ஏனென்றால் திறன் போதாவிட்டால் பயணம் மெதுவாகும், எடை போதாவிட்டால் வண்டி கவிழும். பிரிட்டனின் கேரவன் சங்கங்கள் புதியவர்களுக்குச் சொல்லும் ஓர் அளவு உண்டு: கேரவனின் முழுச்சுமை எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 1,600 கிலோ காருக்கு 1,360 கிலோ. சட்டம் இதை வற்புறுத்துவதில்லை. இது அனுபவத்தில் வந்த எச்சரிக்கை.

அதன் பின்னால் ஓர் இயற்பியல் இருக்கிறது. நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று உரசுவதுபோல் கடந்து போகும்போது, அது தள்ளும் காற்று கேரவனை ஒரு பக்கம் ஒதுக்கும். கேரவன் அந்த எஃகு உருண்டையை மையமாக வைத்து ஊசல்போல் திரும்பி வரும், மறுபக்கம் போகும். மெதுவாகப் போகும்போது டயர்களின் பக்கவாட்டுப் பிடிப்பு இந்த ஆட்டத்தை இரண்டு மூன்று வீச்சில் அடக்கிவிடும். வேகம் கூடக்கூட அந்த அடக்கும் ஆற்றல் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். காரின் பின்பகுதி அலையத் தொடங்கும். கனமான கார் அந்த இழுப்புக்கு அசைந்து கொடுக்காது. இலேசான காரைக் கேரவன் வாலைப் பிடித்து ஆட்டும். அப்போது ஓட்டுநர் செய்ய வேண்டியது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு மிதியிலிருந்து காலை மெல்ல எடுப்பது. அலைச்சலைத் திருத்த ஸ்டியரிங்கைத் திருப்புவதும், பயந்து பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் நிலைமையை மோசமாக்கும். வலுவான எஞ்சின் இங்கே உதவாது. மேட்டில் சோர்வில்லாமல் ஏறி, இறக்கத்தில் அதே வேகத்தில் பாயத் தூண்டும் என்பதால் அது ஆபத்தாகவும் முடியலாம்.

மொத்த எடைக்கு இணையாக, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பாத் பல்கலைக்கழகத்தில் இதைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். பொருளை அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், கேரவனைத் திருப்புவதற்கும் திரும்பியதை நிறுத்துவதற்கும் உள்ள எதிர்ப்பில் அதன் பங்கு நான்கு மடங்காகும். ஆகவே கூடாரத் துணி, தண்ணீர்க் குடுவை, டப்பா உணவு எல்லாம் சக்கர அச்சுக்கு மேலே, தரைமட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு சைக்கிள்களைக் கேரவனின் பின்சுவரில் மாட்டுவது எல்லாவற்றிலும் மோசமான இடம். கேரவனின் மூக்கு, கார் உருண்டையின் மேல் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை அழுத்தினால் நல்லது. நம் கேரவனுக்கு அது 70 முதல் 95 கிலோ. காரின் உருண்டைக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு, பல கார்களில் அது 75 முதல் 100 கிலோ. வாங்குமுன் அந்த எண்ணைக் கேளுங்கள், விற்பவர்கள் தாமாகச் சொல்லும் விவரம் அல்ல அது.

காரின் இழுப்பு வரம்பைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன்கதவைத் திறந்தால் கதவுத் தூணிலோ, இல்லையென்றால் பானெட்டுக்கு அடியிலோ, உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதில் நான்கு எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. முதலாவது, சுமையையும் சேர்த்துக் காரின் உச்ச எடை. இரண்டாவது, காரும் இழுவண்டியும் சேர்ந்த உச்ச எடை. மூன்றும் நான்கும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுச் சுமையோடு அந்தக் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது வந்துவிடும். இரண்டாவது எண் இல்லையென்றாலோ, இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றாலோ, அந்தக் கார் இழுப்பதற்கு அனுமதிக்கப்படாதது. எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் சரி, அதைத் தொடாதீர்கள்.

மலைநாடுகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உயரம் ஏற ஏற காற்று மெலிவதால், கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் எஞ்சினின் திறன் பத்து சதவீதம்போல் குறையும். அதற்கேற்ப இணையின் எடையைக் குறைக்கும்படி கார் கையேடுகளே சொல்கின்றன. டர்போ இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுகிறது, ஆனால் குளிர்விக்கும் காற்றும் மெலிந்திருப்பதை அது மாற்றாது. ஆல்ப்ஸ் கணவாயில் இரண்டாவது கியரில் நத்தைபோல் ஏறும்போது எஞ்சின் முழுமூச்சில் வெப்பத்தை உமிழும், ரேடியேட்டருக்குள் வரும் காற்றோ மிகக் குறைவு. வெப்பமுள் ஏறினால் ஒதுங்கி நிற்பது தவிர வேறு வழி இல்லை.

சார்ஜ் ஏற்றும் வசதியுள்ள ஹைபிரிட் கார்களை விற்கும்போது எஞ்சினையும் மோட்டாரையும் சேர்த்து 200க்கு மேல் குதிரைத்திறன் என்பார்கள். நீண்ட ஏற்றத்தில் பேட்டரி காலியாகிவிட்டால் இழுப்பது எஞ்சின் மட்டும்தான். எஞ்சினுக்குத் தனியாக எவ்வளவு என்று கேளுங்கள், 150தான் என்றால் மேலே போட்ட கணக்கை அந்த 150க்குப் போடுங்கள்.

முழு மின்சாரக் கார்களைப் பார்த்தால், இந்தக் கட்டுரையின் பாதிக் கவலைகள் அவற்றுக்கு இல்லை. மோட்டார் அசையாமல் நிற்கும்போதே முழு முறுக்குவிசையையும் கொடுக்கும், கருகுவதற்குக் கிளட்ச் கிடையாது. பேட்டரியின் கனம் காரை நிலத்தில் அழுத்தி வைக்கிறது, இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து மின்சாரமாகத் திருப்பித் தரும். ஆனால் எல்லாவற்றையும் இழுக்க அனுமதிப்பதில்லை. ரெனோ ஸோயிக்கு இழுப்பு அனுமதியே இல்லை. டெஸ்லா மாடல் ஒய் 1,600 கிலோ வரை இழுக்கலாம், கியா இவி9 காரின் சில வகைகள் 2,500 கிலோ வரை. கேரவனின் முகத்தில் மோதும் காற்றுக்கு மட்டும் மின்சாரமும் டீசலும் ஒன்றுதான். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் போகும் தூரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். பிரிட்டனில் சார்ஜிங் இடங்கள் பெரும்பாலும் காரை மட்டும் நுழைத்து நிறுத்தும் அளவிலேயே இருக்கின்றன. கேரவனைக் கழற்றி ஓர் ஓரத்தில் விட்டு, சார்ஜ் ஏற்றி, மறுபடி வந்து மாட்ட வேண்டும். நேராக நுழைந்து நேராக வெளியேறும்படி அமைத்த நிலையங்கள் இன்னும் சிலவே. மின்சாரக் காரால் இழுக்க நினைப்பவர், மோட்டாரின் திறனைப் பார்க்குமுன் அத்தகைய நிலையங்கள் தம் வழியில் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்துக்கொள்வது நல்லது.